பதுளை ரயிலில் பொன்னியின் செல்வன்

கொழும்புக் கோட்டையில் பதுளை ரயிலில் ஏறி உட்கார்ந்தால் ஏறத்தாழ 10 மணி நேரம் நம் கையில் இருக்கிறது. ‘பொன்னியின் செல்வ’னின் ஓர் அத்தியாயத்தை நிதானமாக வாசித்துப் பதிவு செய்தால் கால்மணி நேரம் முன்னே பின்னே ஓடும். கோட்டையில் கேட்கத் தொடங்கியவர் பதுளையில் பெட்டியை இறக்கும்போது 40 அத்தியாயம் தாண்டியிருப்பார். முதல் பாகம் ‘புது வெள்ள’த்துக்கு மட்டும் 57 அத்தியாயம். ஐந்து பாகமும் சேர்ந்தால் 293. ஆக, தீபாவளிக்குத் தோட்டத்துக்குப் போகிற ஒரு கொழும்புக் கடைப் பையன் போகும்போதும் வரும்போதும் கேட்டால்கூட இரண்டாம் பாகத்தின் நடுவில்தான் நிற்பான். அது நிற்க நல்ல இடம். கதை இலங்கைக்கு வந்து சேர்வது அங்கேதான்.

சரித்திரக் காதல் கதைகளை விடுமுறையில் காதால் கேட்கும் பழக்கம் நம்மிடம் வேகமாகப் பரவியிருக்கிறது. மணிரத்னத்தின் படம் 2022இலும் 2023இலும் இரண்டு பாகமாக வந்த பிறகு, புத்தகத்தின் பருமனைப் பார்த்துப் பயந்தவர்கள்கூட காதுக்கருவியை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமையானதால் யாரும் வாசித்துப் பதிவிடலாம். தனிக் குரலில் வாசித்தவை, பல நடிகர்களை வைத்து நாடகம்போலச் செய்தவை, யூடியூபில் அரைகுறையாக நிற்பவை என்று எத்தனையோ கிடைக்கின்றன. இப்படிக் கேட்பதில் இந்த நாவலுக்கு என்ன நடக்கிறது, அதுவும் ஊவாவின் ஒரு தோட்டத்தில் இருந்துகொண்டு கேட்கும்போது என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குச் சுவாரசியம்.

முதலில் போரைப் பார்ப்போம். ‘பொன்னியின் செல்வன்’ ஒரு போர்க்காலக் கதை. ஆனால் அதில் பெரும்போர் ஒன்றுகூட நம் கண் முன்னே நடப்பதில்லை. சோழப் படை ஈழத்தில் இருக்கிறது. இளவரசர் அருள்மொழிவர்மர் அதன் தலைவராக அங்கே போயிருக்கிறார். தஞ்சையிலும் பழையாறையிலும் இருப்பவர்களுக்கு அந்தப் போர் வெறும் செய்தி: ஓலை, வதந்தி, திரும்பி வந்த வீரன் சொன்ன பேச்சு, கப்பலில் போகவேண்டிய அரிசி. தன் படைக்கு வேண்டிய உணவைச் சோழ நாட்டிலிருந்தே அனுப்பச் சொல்கிறார் இளவரசர். வென்ற படை வென்ற நாட்டில்தானே சாப்பிட வேண்டும் என்று தஞ்சையில் அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் பழுவேட்டரையர்கள் பொருமுகிறார்கள். ஒரு நாவலின் அரசியல் சண்டை தானியத்தில் தொடங்குகிறது என்றால், எழுதியவர் பத்திரிகைக்காரர் என்பது தெரிந்துவிடும்.

காதலும் அந்தப் போரோடு ஒட்டியே நிற்கிறது. கொடும்பாளூர் வானதியின் தகப்பனார் ஈழப் போரில் மாண்டவர். அதே ஈழத்துக்குப் படையெடுத்துப் போனவர்மேல்தான் அவளுக்கு ஆசை. இளவரசரின் அக்காள் குந்தவை தம்பியை அழைத்துவர எழுதிய ஓலைதான் வீரன் வந்தியத்தேவனைக் கடல் கடக்க வைக்கிறது. ஓலையைக் கொடுத்தவள்மேல் அவனுக்கு ஏற்கெனவே மயக்கம். படகோட்டி அவனை ஈழக் கரையில் சேர்க்கும் பூங்குழலிக்கோ தான் எட்டாத இடத்தில் வைத்திருக்கும் ஒருவர்மேல் நெஞ்சு. காத்திருப்பதும் போய்ச் சேர்வதும் தவறவிடுவதுமாகவே இந்தக் காதல்கள் நகர்கின்றன. வாள் வீச்சைப் படிப்பதற்குக் கண்ணும் கற்பனையும் வேண்டும். காத்திருப்பைச் சொல்ல ஒரு குரல் போதும். இந்த நாவல் காதுக்கு இத்தனை லேசாக இறங்குவதற்கு முதல் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். முற்றுகையும் தீவைப்பும் வேண்டுமென்றால் கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ இருக்கிறது. அதில் காஞ்சியும் முற்றுகையிடப்படும், வாதாபியும் எரியும். கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அந்தப் போர் அத்தியாயங்களில் மனம் கொஞ்சம் நழுவும், பிறகு சிவகாமி வாயைத் திறந்ததும் திரும்பி வரும்.

இரண்டாவது காரணம் கதை பிறந்த விதம். கல்கி தன் பெயரிலேயே இதழைத் தொடங்கியது 1941இல், இரண்டாம் உலகப் போரின் நடுவே. அதில்தான் ‘பார்த்திபன் கனவு’ம், பிறகு 1944 முதல் ‘சிவகாமியின் சபத’மும் தொடராக வந்தன. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வரப்போகிறான் என்று சென்னையே பாதி காலியானது. காகிதத்துக்குத் தட்டுப்பாடு. அந்தக் காலத்தில்தான் பல்லவர் போர் இதழ் இதழாக அச்சாகிக்கொண்டிருந்தது. ‘பொன்னியின் செல்வன்’ போருக்குப் பிந்தியது, 1950 முதல் 1954 வரை ஓடியது. ஆனால் தொழில்நுட்பம் அந்தப் போர்க்கால வருடங்களில் பழகியதுதான். ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு கதவு பாதி திறந்தபடி நிற்கும். யாரோ ஒருவரின் கை தோளில் விழும். யாருடைய கை என்று தெரிய ஒரு வாரம்.

வாரம் ஒருமுறை வந்த இதழை வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அடுப்படியிலிருந்து ஒரு குரல், “சத்தமா படிடா” என்று வரும். ஆகவே கல்கியின் வாக்கியம் கண்ணுக்கு எழுதிய வாக்கியமில்லை. வாசகரை நேரே விளித்துப் பேசுவார், முன்பு நடந்ததை ஒரு வரியில் நினைவூட்டுவார், நாம் வந்தியத்தேவனை எந்த இடத்தில் விட்டுவந்தோம் என்று கேட்பார். அச்சில் இதெல்லாம் வளவளப்பாகத் தோன்றும். நவீன இலக்கியம் படித்தவர்கள் முகம் சுளித்ததும் இதற்காகத்தான். காதில் கேட்கும்போது அந்த வளவளப்பே கைப்பிடியாகிவிடுகிறது. ரயில் சுரங்கத்துக்குள் புகுந்து சத்தத்தில் ஒரு நிமிடம் போனாலும் கதை நம்மை விட்டுப் போவதில்லை.

மலையகத்தில் இதைச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. காதால் கதை கேட்பது தோட்டத்து ஆட்களுக்குப் புதிதா? அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி, நல்லதங்காள் கதை என்று பெரிய எழுத்துப் புத்தகங்கள் ஊரிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்தன. லயத்து இஸ்தோப்பில் விளக்கை வைத்துக்கொண்டு ஒருவர் இராகம் போட்டு வாசிப்பார். அடுத்த காம்பராக்காரர்கள் சாக்கை விரித்து உட்கார்வார்கள். பெரட்டுக்கு விடிகாலையில் நிற்க வேண்டியவர்கள் நள்ளிரவுவரை கேட்டார்கள். மாசியில் காமன் கூத்து, அது தவிர அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். மூன்றும் ஊரிலிருந்து வந்து மலையகத்தில் வேரூன்றிய கூத்துகள். இவற்றில் பொன்னர் சங்கர் முழுக்கப் போர்க்கதை. அண்ணன்மார் மாண்டுபோக, தங்கை தேடி வருகிற கட்டத்தில் அழாத கிழவியை நான் பார்த்ததில்லை. காமன் கூத்தோ கணவனைச் சிவன் எரித்துவிட்டான் என்று ரதி புலம்புகிற கதை. போரும் காதலும் கலந்த பெருங்கதையை இரவெல்லாம் கேட்கும் காது இங்கே ஏற்கெனவே பழக்கப்பட்ட காது.

அதற்குமேல் வானொலி வந்தது. இலங்கை வானொலியின் ‘இசையும் கதையும்’ நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒலிப்புத்தகத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது. நேயர் எழுதி அனுப்பிய ஒரு காதல் கதை, அதற்கு ஏற்ற சினிமாப் பாட்டு, நடுவே அறிவிப்பாளரின் குரல். கதை பெரும்பாலும் சுமார்தான். ஆனால் குரல் அதைத் தூக்கிவிடும். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து கால் கழுவும் நேரத்தில் பக்கத்துக் காம்பரா ரேடியோவிலிருந்து பாதி கேட்டாலும் முடிவு தெரியாமல் நகர மனம் வராது. ‘ஒரு கூடைக் கொழுந்து’ எழுதிய என்.எஸ்.எம். இராமையா வானொலி நாடகம் எழுதிப் பழகியவர். அவருடைய சிறுகதைகளில் உரையாடல் இத்தனை சுத்தமாக ஒலிப்பதற்கு அந்தப் பயிற்சியும் ஒரு காரணம்.

இப்போதைய பதிவுகளுக்கு வருவோம். பம்பாய் கண்ணன் பல குரல் நடிகர்களை வைத்து, இசை சேர்த்து உருவாக்கிய ‘பொன்னியின் செல்வன்’ பலரும் அறிந்தது. கல்கியின் மற்ற சரித்திர நாவல்களையும் அவர் அப்படிச் செய்திருக்கிறார். அந்த முறைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பெரிய பழுவேட்டரையரா சின்னவரா என்ற குழப்பம் வராது, குரலே சொல்லிவிடும். வீர வைஷ்ணவனான ஆழ்வார்க்கடியான் நம்பி வழியில் போகிற சைவர்களை வலியக் கூப்பிட்டு வம்பு செய்யும் இடங்கள் நாடகமாகக் கேட்டால்தான் சிரிப்பு. பூங்குழலி கடல் நடுவே பாடும் பாட்டு அச்சில் வெறும் வரிகளாகக் கிடக்கிறது. படிப்பவர் பாதிப்பேர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஒலியில் தாண்ட முடியாது. யாரோ ஒரு பெண் நிஜமாகவே பாடுகிறாள். அந்தப் பாட்டுக்குள் இருக்கும் கலக்கம் அப்போதுதான் நமக்குச் சேர்கிறது.

இருந்தாலும் நீண்ட பயணத்துக்குத் தனிக்குரல் வாசிப்பைத்தான் நான் சிபாரிசு செய்வேன். நாடகப் பதிவில் இசையும் குதிரைக் குளம்புச் சத்தமும் கேட்பவருக்குப் பதிலாகக் கற்பனை செய்துவிடுகின்றன. தனிக்குரலில் கதைசொல்லி முழுதாக நம்மோடு இருப்பார். கல்கியின் கிண்டல் கதைசொல்லியின் குரலில்தான் வாழ்கிறது, பாத்திரங்களின் வசனத்தில் இல்லை. வேகத்தைக் கூட்டிக் கேட்கும் பழக்கத்தை மட்டும் வேண்டாம் என்பேன். 293 அத்தியாயத்தை முடித்துவிடும் அவசரம் புரிகிறது, ஆனால் ஒன்றேகால் மடங்கு வேகத்தில் பழுவூர் இளைய ராணி நந்தினி பேசினால் அவளுடைய விஷம் பாதி போய்விடும். இன்னொன்று, வாரம் ஒன்றாக விழுந்த அத்தியாயங்களை ஒரே மூச்சில் 10 கேட்டால் அந்தப் பாதி திறந்த கதவுகள் எல்லாம் ஒரே மாதிரியாகத் தெரிய ஆரம்பிக்கும். ஆகஸ்ட் விடுமுறையில் வீட்டில் இருந்தால் நாளைக்கு மூன்று நான்கு போதும். ஊவாவில் அது கச்சான் காற்று அடிக்கிற பருவம். இலை காய்ந்து வாசம் ஏறி, ஊவாத் தேயிலைக்கு அதன் பெயரை வாங்கித் தந்த பருவம். தகரக் கூரையில் காற்று அடிக்கும்போது இரண்டாம் பாகமான ‘சுழற்காற்று’ கேட்பதற்குத் தனியாக இசைச் சேர்க்கை தேவையில்லை. முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்ளுங்கள். நமுனுகுல மலைக்குப் பின்னாலும் அப்புத்தளைச் சரிவிலும் சிக்னல் வரும், போகும். முக்கியமான இடத்தில்தான் போகும்.

ஒலிப்பதிவுக்குச் சிக்கலான பாத்திரம் ஒன்று இந்த நாவலில் இருக்கிறது. இலங்கைப் பகுதியின் உயிரே அவள்தான். மந்தாகினி பேசமாட்டாள், கேட்கவும் முடியாது. கதையில் அவளை ஊமை ராணி என்கிறார்கள். இளவரசரின் தந்தை சுந்தர சோழர் இளமையில் தீவொன்றில் ஒதுங்கியபோது அவரைக் காதலித்தவள், பிறகு ஈழத்துக் காடுகளில் பித்துப்போலத் திரிந்தவள், அருள்மொழிவர்மரை ஆபத்து வரும்போதெல்லாம் எங்கிருந்தோ வந்து காப்பவள். அநுராதபுரத்தின் இடிபாடுகளுக்குள் இளவரசரை அழைத்துப்போய்த் தன் வாழ்க்கையைச் சுவரில் தீட்டிய சித்திரங்களாகக் காட்டுகிறாள். சினிமாக்காரருக்கு இது லட்டு. குரலை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாடகப் பதிவில் அவளுக்கு வசனமே கிடையாது. அவள் இருக்கிறாள் என்பதே மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். ஆனால் விசித்திரம் என்னவென்றால், அந்த அத்தியாயம் காதில் கேட்கும்போதுதான் வலுக்கிறது. சுற்றிலும் எல்லோரும் பேசித் தீர்க்கிற ஒரு நாவலில் இவள் வரும் இடங்களில் மட்டும் உரையாடல் நின்று, கதைசொல்லியின் குரல் தாழ்ந்து, படம் படமாகச் சொல்லிக்கொண்டு போகிறது. அச்சில் அந்த மாற்றம் கண்ணில் படாது. பக்கம் ஒரே மாதிரிதான் இருக்கும். போரிலும் அரச காதலிலும் பேச முடியாமல் போன பெண் ஒருத்தியைக் கல்கி இலங்கையில் கொண்டுவந்து வைத்தார் என்பது காதில் விழும்போது உறைக்கிறது.

சரி, இவர்கள் எதற்காக இலங்கையில் சண்டை போடுகிறார்கள்? இதற்குப் பதில் பதுளை டவுனிலேயே பாதி இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் பாண்டிய நாட்டை வென்றபோது பாண்டியன் இராசசிம்மன் தன் மணிமுடியோடு இலங்கைக்கு ஓடி வந்தான். உதவி கிடைக்கவில்லை. முடியையும் குலச் சின்னங்களையும் இங்கேயே விட்டுவிட்டுக் கேரளத்துக்குப் போய்விட்டான். பராந்தகனுக்கு மதுரை கிடைத்தது, மதுரையின் முடி கிடைக்கவில்லை. அதைத் தரச் சொல்லி நான்காம் உதய மன்னனுக்குத் தூதனுப்பினான். உதயன் மறுத்தான். சோழப் படை வந்தது. உதயன் முடியைத் தூக்கிக்கொண்டு ரோகணத்துக்குப் போய்விட்டான் என்று சூளவம்சம் சொல்கிறது. ரோகணம் என்பது இலங்கையின் தென்கிழக்கு, இன்றைய மொனராகலைப் பக்கமெல்லாம் அதில் சேரும். அதாவது நம் ஊவாவின் தெற்குப் பாதி. அதன் பிறகு மூன்று தலைமுறைச் சோழர்களுக்கு அந்த முடி தொண்டையில் சிக்கிய முள். கல்கியின் கதையிலும் இலங்கை மன்னன் மகிந்தன் ரோகணத்து மலைகளில் ஒளிந்துகொண்டுதான் சோழரை அலைக்கழிக்கிறான்.

அந்த உதயன் காலத்தது என்று சொல்லப்படும் கல்தூண் ஒன்று பதுளை நூலகத்தில் நிற்கிறது. மகியங்கனைக்குப் பக்கத்தில் ஹொரபொர வாவியருகே 19ஆம் நூற்றாண்டில் கண்டெடுக்கப்பட்டுப் பதுளைக்குக் கொண்டுவரப்பட்டது. நாலு பக்கமும் எழுத்து. அரசன் மகியங்கனை விகாரைக்கு வந்தபோது அந்தப் பக்கத்துச் சந்தை வணிகர்களும் குடிகளும் அதிகாரிகள் தங்களிடம் முறைகேடாகப் பறிக்கிறார்கள் என்று முறையிட, அவன் வகுத்துக் கொடுத்த சந்தை ஒழுங்குகள் அதில் இருக்கின்றன. போர் பற்றி ஒரு பேச்சும் இல்லை. வரி, அளவு, யார் எதை வாங்கலாம், யார் தலையிடக்கூடாது, இவைதான். நாவலைக் கேட்டுக்கொண்டே விடுமுறையைக் கழிப்பவர்கள் துன்ஹிந்த அருவிக்குப் போகிற வழியில் இதையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். ஓலையும் ஒற்றனும் குதிரையுமாக நாம் கேட்கிற அந்த நூற்றாண்டில், ஊவாவின் குடிமக்களுக்கு நாளாந்தக் கவலை சந்தைக்காரனின் தராசாக இருந்திருக்கிறது.

இனிச் சங்கடமான இடத்துக்கு வரவேண்டும். அநுராதபுரத்தில் புத்த பிக்குகள் இலங்கைச் சிங்காதனத்தையே அருள்மொழிவர்மருக்குக் கொடுக்க முன்வருகிறார்கள். அவர் வேண்டாம் என்கிறார். இடிந்த விகாரைகளைச் செப்பனிடச் சொன்னவர், குடிகளைத் தொந்தரவு செய்யாத படைத் தலைவர், கிரீடத்தையும் மறுக்கிறார். கேட்க எவ்வளவு இனிமை! அதே மனிதர் இராசராச சோழனாக முடிசூடியபின் 993இல் அவர் படை அநுராதபுரத்தை அழித்தது, தலைநகர் பொலன்னறுவைக்குப் போனது, அது ஜனநாதமங்கலம் ஆனது. அவர் மகன் இராசேந்திரன் 1017இல் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்து, அந்தப் பாண்டிய முடியையும் ஒருவழியாகக் கைப்பற்றிக்கொண்டு போனான். மகிந்தன் சோழ நாட்டுச் சிறையிலேயே 1029இல் இறந்தான். பொலன்னறுவையில் வானவன் மாதேவி ஈச்சரம் இன்றும் நிற்கிறது. சோழர்களைத் துரத்திய முதலாம் விஜயபாகு எழுந்து வந்ததும் அதே ரோகணத்திலிருந்துதான். கல்கி கதையை எங்கே நிறுத்தினார் என்பதைக் கவனிக்க வேண்டும். இளவரசர் சோழ அரியணையைத் தியாகம் செய்கிற இடத்தில் நிறுத்தினார். அதற்குமேல் ஓர் அடி வைத்திருந்தால் நாயகனை இத்தனை தூய்மையாக வைத்திருக்க முடியாது. எழுத்தாளனாக அவர் செய்தது புத்திசாலித்தனம். வரலாறாக அதைக் கேட்பது நம்முடைய தவறு.

பதுளைத் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளை ஒன்று வரலாற்றுப் புத்தகத்தில் சோழர் படையெடுப்பைப் பரீட்சைக்காகப் படிக்கிறது. மாலையில் காதுக்கருவியில் அருள்மொழிவர்மரைக் கேட்டு உருகுகிறது. இரண்டு இடத்திலும் வருவது ஒரே ஆள். தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இந்த இக்கட்டு இல்லை. அங்கே ஈழம் என்பது கடல் கடந்து போய் வென்ற இடம். இங்கே அது நாம் குடியிருக்கிற இடம். அதனால் நம் வீட்டில் கேட்கும்போது, “ஈழத்துக்குப் படை போனது” என்று கதைசொல்லி பெருமிதமாகச் சொல்லுமிடத்தில் குரல் நம்மைக் கொஞ்சம் வெளியே நிறுத்திவிட்டுப் போகிறது. அது ஒரு குறையென்று நான் சொல்லமாட்டேன். போர்க்கதையை வென்றவனின் தோளில் ஏறி நின்று மட்டும் கேட்பதைவிட இது நேர்மையான இருக்கை.

ஏனென்றால் தோட்டத்துத் தமிழர் சோழர் படையோடு வந்தவர்களும் இல்லை. அவர்கள் வந்தது 19ஆம் நூற்றாண்டில், கோப்பிக்கு. மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழி நடந்து, வாந்திபேதியில் பலரை வழியில் விட்டுவிட்டு வந்தார்கள். கோப்பி நோய்ப்பட்டு அழிய, தேயிலைக்கு மாறினார்கள். இந்த வேறுபாட்டை அரசியல் மேடைகள் வசதியாக மறந்துவிடும். கல்கி தொடரை எழுதிய வருடங்களையும் அவற்றுக்குச் சற்று முந்தியவற்றையும் பாருங்கள். 1947 தேர்தலில் பதுளைத் தொகுதியில் இலங்கை இந்திய காங்கிரசின் எஸ்.எம். சுப்பையா வென்று பாராளுமன்றம் போனார். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் வாக்குரிமையும் போனது. 1952இல் அடுத்த தேர்தல் வந்தபோது தோட்டத்து மக்கள் வாக்குச்சாவடிக்கு வெளியே இருந்தார்கள், காங்கிரஸ் சத்தியாக்கிரகம் இருந்தது. அதே 1952இல் கல்கி இதழ் பதுளைக் கடைகளுக்கு வந்துகொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை வீட்டிலும் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டிலும் படித்துக் கை மாறியது. தனக்குக் கொடுத்த இலங்கை அரியணையைச் சோழ இளவரசர் மறுக்கும் கதையை, இலங்கையில் ஒரு வாக்குக்கூட இல்லாத தமிழர்கள் தொடராகப் படித்தார்கள். அவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? கசந்திருக்குமா, ஆறுதலாக இருந்திருக்குமா? ஆறுதலாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. காதல் கதையை மனிதர்கள் அதற்காகத்தான் கேட்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் இந்திய இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபிறகு பழைய பைண்டுகளே கைக்குக் கை போயின.

ஊவாவுக்கு அதன் சொந்தப் போர்க்காலமும் உண்டு. தியத்தலாவையில் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளை 1900 முதல் அடைத்து வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் அதே தியத்தலாவையில் ஜெர்மன்காரர்களைக் கொண்டுவந்து வைத்தார்கள், ஞானதிலோக தேரர் உள்ளிட்ட ஜெர்மன் பிக்குகளும் அதில் இருந்தார்கள். 1939 ஆகஸ்ட் முதல் தேதி இந்திய அரசு இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்கு ஆள் வருவதைத் தடை செய்தது. நிச்சயித்த பெண் திருச்சிப் பக்கம், மாப்பிள்ளை பசறையில் என்று ஒரு கதை தொடங்க வேறென்ன வேண்டும்? 1940 மே மாதம் பதுளைக்குப் பக்கத்தில் வேவெஸ்ஸத் தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தம் போலீசோடு மோதும் அளவுக்குப் போனது. பின்னால் நின்ற சமசமாஜக் கட்சித் தலைவர்களை அடுத்த மாதமே பிடித்து அடைத்தார்கள். 1942 ஏப்ரலில், ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்ட அந்த நாட்களில், அவர்கள் கண்டிச் சிறையிலிருந்து தப்பினார்கள். பர்மா விழுந்து அரிசி வரத்து நின்று, பங்கீட்டு அரிசியோடு தோட்டத்துக் குசினி மல்லுக்கட்டியதும் அப்போதுதான். ஒற்றன், சிறை, கடல் கடந்த காதலி, தானியச் சண்டை. கல்கிக்குப் பத்தாம் நூற்றாண்டு கொடுத்த சரக்கெல்லாம் ஊவாவின் 1940களில் குவிந்து கிடக்கிறது.

அந்தக் கதையை யாராவது எழுதுவதற்கு முன்னால், ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதைப் பேசவைக்கலாம். ஹாலிஎலப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப், ‘காலங்கள் சாவதில்லை’ நாவலிலும் தன் சிறுகதைகளிலும் இந்த மலைகளின் பேச்சை அப்படியே பிடித்து வைத்துவிட்டு 2022இல் மறைந்தார். அவர் எழுத்தைச் சென்னை உச்சரிப்பில் வாசித்தால் சப்பென்றிருக்கும். தொங்கல், பணிய லயம், பேர் போடுவது என்று வாயில் இயல்பாக வரும் ஒருவர் வாசிக்க வேண்டும். ஒரு கைபேசியும் சத்தமில்லாத ஓர் அறையும் போதும். பதுளையிலும் பண்டாரவளையிலும் நாடகம் பழகிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கூத்துப் பாடிய பெரியவர்கள் இருக்கிறார்கள். உரிமைக்காரர்களிடம் அனுமதி கேட்டு, அடுத்த தீபாவளி விடுமுறைக்குள் ஒரு கதையையாவது பதிவு செய்யுங்கள். பதுளை ரயிலில் ஏறுகிறவர்களுக்குப் பொன்னியின் செல்வன் முடிந்தபிறகு கேட்க அது வேண்டும்.